லயத்திலிருந்து வாட்டு வரை: 31 மணித்தியாலங்களின் கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பேச இந்த மேடையில் தலைவர்கள் இருக்கிறார்கள். சுகாதாரக் குழுவிலிருந்து வந்திருக்கும் நாங்கள் இன்று கொண்டு வந்திருப்பது ஒரு மணித்தியாலக் கணக்கு.

சென்ற மழைக்காலத்தில் நமது அங்கத்தவர் ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டது. கொழுந்தெடுக்கும் தாய், இரண்டு பிள்ளைகள். தோட்டத்தின் பெயரையும் அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவரும் அதை விரும்பவில்லை. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் நின்று, நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பல நாள் கிடந்து, அதற்குப் பிறகுதான் வீடு வந்தார். வயிற்றோட்டத்தில் இப்படியும் ஆகுமா என்று எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய், அவரோடும் அவருடைய கணவரோடும் உட்கார்ந்து, முதல் தடவை வயிற்றால் போன நேரத்திலிருந்து முதல் சேலைன் ஏறிய நேரம் வரை ஒரு கொப்பியில் எழுதினோம். கூட்டிப் பார்த்தால் 31 மணித்தியாலம்.

அந்த 31 மணித்தியாலத்தையும் செக்ரோல் போல உங்கள் முன் விரித்துக் காட்டுகிறோம். எந்த மணித்தியாலம் யார் கையில் போனது என்று பாருங்கள்.

இரவு 2 மணிக்குத் தொடங்கியது. விடியும் முன் ஐந்து தடவை போய்விட்டது. "தண்ணி குடிச்சா இன்னும் போகும்" என்று மாமியார் சொல்ல, அவர் குடிக்கவில்லை. காலையில் பிரட்டுக்குப் போனார். போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. மலையில் கக்கூஸ் கிடையாது. பகல் 12 மணிக்கு இரத்தமும் சளியுமாகப் போய், நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இதோடு 10 மணித்தியாலம்.

12 மணியிலிருந்து மாலை 5 மணி வரை டிஸ்பென்சரிக்கும் லயத்துக்கும் நடுவில் போனது. அன்று வைத்திய உதவியாளர் அடுத்த டிவிஷனில். டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. தோட்ட லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. ஆட்டோவுக்குக் கடன் வாங்கிப் புறப்படும்போது 5 மணி. இது 5 மணித்தியாலம்.

5 மணியிலிருந்து 8 மணி வரை பக்கத்து வைத்தியசாலை. வரிசை நீளம். முறை வந்தபோது வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வயிற்று வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரத்தம் போனதை அவர் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆண்கள் நிற்கும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டாராம். இது 3 மணித்தியாலம்.

இரவு 8 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை லயக் காம்பராவில். கணவர் கடையில் வயிற்றோட்டத்தைக் கட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். போவது குறைந்தது, வயிறு உப்பியது. மூத்திரம் போகவேயில்லை. "ஆஸ்பத்திரியிலதான் பார்த்தாச்சே, மறுபடி போனா ஏசுவாங்க" என்று காத்திருந்தார்கள். இது 10 மணித்தியாலம்.

காலை 6 மணிக்கு அவர் பேச்சுக் குழறினார். பக்கத்து வீட்டுப் பையன் 1990க்கு அழைத்தான். அம்பியூலன்ஸ் வண்டி வந்தது, ஆனால் எந்த லயம், எந்தப் பாதை என்று தெரியாமல் சந்தியில் நின்றது. கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆதார வைத்தியசாலையில் சேலைன் ஏறும்போது மணி 9. இது 3 மணித்தியாலம்.

பத்தும் ஐந்தும் மூன்றும் பத்தும் மூன்றும் முப்பத்தொன்று.

தோழர்களே, குடல் தொற்று நோயில் பல வகை உண்டு. தண்ணீராகப் போவது ஒன்று. இரத்தமும் சளியுமாகப் போகும் வயிற்றுளைவு ஒன்று. நாள்பட்ட காய்ச்சலோடு வரும் நெருப்புக் காய்ச்சல் ஒன்று. அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குடலே ஓட்டையாகலாம். கிருமி வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. ஆனால் வயிற்றோட்டத்தில் ஆளை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான். தண்ணீர் குறைந்தால் இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் நிற்கிறது. அதனால்தான் இந்த நோயை நாள் கணக்கில் பார்க்கக்கூடாது, மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டும் என்கிறோம்.

நமது பாட்டன் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த பாதையில் வாந்திபேதியில் செத்து விழுந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் கொடுக்க வேண்டும் என்று 1872லேயே இந்த நாட்டில் சட்டம் போடப்பட்டது. இன்று நம்மிடம் இலவச வைத்தியசாலை இருக்கிறது, இலவச அம்பியூலன்ஸ் இருக்கிறது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டில் இருக்கிறது. லயத்திலிருந்து அந்தக் கட்டிலுக்குப் போகும் வழி இன்னும் சீராகவில்லை. வழியைச் சீராக்கும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு. மலர்வளையம் கொண்டு போவதற்கு ஒரு சங்கம் தேவையில்லை.

முதலாவது, வீடு. 1971ல் வங்காளதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தார்கள். பொங்காவ் முகாமில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோனது. அங்கிருந்த டொக்டர் திலீப் மகலனபிஸ், உப்பும் சீனிச் சத்தும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் தாயும் சகோதரமுமே கோப்பையில் எடுத்துக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீர்தான் இன்று நம் கையில் ஜீவனிப் பக்கட்டாக இருக்கிறது.

ஒவ்வொரு லயக் காம்பராவிலும் எப்போதும் இரண்டு பக்கட் இருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டரில் ஒரு முழுப் பக்கட். பாதி போட்டுப் பாதி வைக்கக் கூடாது. சீனியோ உப்போ மேலதிகமாகச் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் கழிந்தால் மீதியை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பெரியவர்கள் ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு பெரிய கோப்பை குடிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கால் கோப்பையிலிருந்து அரைக் கோப்பை வரை, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சியும் கொடுக்கலாம். குடித்தால் இன்னும் போகும் என்பது நம் பெரியவர்கள் பாசத்தில் சொல்லும் பேச்சு. போவது போகும்; போனதை ஈடு செய்வதுதான் உயிரைக் காக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத அடையாளங்களையும் சொல்கிறோம். மலத்தில் இரத்தம். குடிப்பதெல்லாம் வாந்தியாவது. ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாமல் இருப்பது. கண் குழி விழுவது, கை கால் சில்லிடுவது, பேச்சுக் குழறுவது. பிள்ளை அழுதால் கண்ணீர் வராதது, உச்சிக்குழி உள்ளே இறங்குவது, குடிக்க மறுப்பது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல். வயிறு பலகை போல இறுகித் தொட முடியாத வலி. இந்தக் கடைசி அடையாளம் இருந்தால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காமல், சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கே போக வேண்டும். இரத்தம் போகும்போது கடையில் கட்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. வெளியே போக வேண்டிய விஷம் உள்ளே தங்கிவிடும். கிருமிகொல்லி மாத்திரையையும் வைத்தியர் சொல்லாமல் வாங்காதீர்கள். அது குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் கொன்று, வேறொரு கடுமையான வயிற்றோட்டத்துக்கே வழிவிடலாம்.

இரண்டாவது, பிரட்டுக்களம். வயிற்றோட்டம் என்று சொன்னால் பேர் போகும் என்ற பயம் இருக்கும் வரை நம் பெண்கள் சொல்ல மாட்டார்கள். நோயோடு மலைக்குப் போவார்கள். மலையில் கக்கூஸும் இல்லை, கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இல்லை. ஒருவருக்கு வந்தது நிரை முழுவதற்கும் பரவ இது போதும். கம்பனிகளோடு பேசும்போது நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இது: வயிற்றோட்டம் என்று பிரட்டில் சொல்பவரை அன்றே டிஸ்பென்சரிக்கு அனுப்ப வேண்டும், அதற்காக அவருடைய பேர் வெட்டப்படக் கூடாது. மலைகளில் கக்கூஸ் வேண்டும் என்ற நமது பழைய கோரிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். கங்காணிமாரும் நம் ஆட்கள்தான். நிரையில் ஒரு பெண் அடிக்கடி ஒதுங்கினால் ஏசாமல், என்னம்மா உடம்புக்கு என்று கேளுங்கள்.

மூன்றாவது, டிஸ்பென்சரியும் வண்டியும். வைத்திய உதவியாளர் ஒருவரே பல டிவிஷன்களைப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் எந்த நாள் எங்கே இருப்பார், இல்லாத நாளில் சாவி யாரிடம், எந்த வண்டி நோயாளிக்கு வரும் என்ற மூன்றையும் எழுதிப் பிரட்டுக்களத்திலும் பிள்ளை மடுவத்திலும் ஒட்ட வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். 1990 சுவசெரிய இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு மிகக் கிட்டிய கோவிலோ பாடசாலையோ தொழிற்சாலையோ சொல்லுங்கள். அழைத்த கையோடு ஒருவர் பிரதான பாதைச் சந்தியில் போய் நிற்கட்டும். இரவானால் கையில் டோர்ச் இருக்கட்டும். அன்று சந்தியில் ஒரு பையன் நின்றிருந்தால் அந்த மூன்று மணித்தியாலத்தில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

நான்காவது, வைத்தியசாலை வாசல். அங்கே வேலை செய்யும் வைத்தியர்களும் தாதியர்களும் நம் எதிரிகள் இல்லை. கூட்டம் அதிகம், ஆள் குறைவு. ஆனாலும் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987ல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. தன் நோயைத் தன் மொழியில் சொல்வது ஒரு நோயாளி கேட்கும் சலுகை இல்லை, அவருடைய உரிமை. அந்த உரிமை முழுதாகக் கிடைக்கும் வரை நாங்கள் ஒரு சிறிய வழி கண்டிருக்கிறோம்.

உங்கள் கையில் இப்போது கொடுக்கப்பட்டிருக்கும் துண்டைப் பாருங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஆறு வரி. எப்போது தொடங்கியது. எத்தனை தடவை போனது. இரத்தம் உண்டா. வாந்தி, காய்ச்சல் உண்டா. கடைசியாக எப்போது மூத்திரம் போனது. என்ன மருந்து எடுத்தார், வேறு நோய் உண்டா. இதை வீட்டிலேயே நிரப்பி, போனவுடன் தாதியின் கையில் கொடுங்கள். ஆண்கள் முன்னால் வாய் திறந்து சொல்ல வெட்கப்படும் பெண்ணுக்கும் இது உதவும். அந்தத் தாயின் கையில் அன்று இந்தத் துண்டு இருந்திருந்தால், இரத்தம் என்ற ஒரு சொல் வைத்தியரின் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்து, வைத்தியசாலைக் குழுக்களில் நம் பிரதிநிதிகள் இருக்கும் இடங்களில் ஐந்து விடயங்களைக் கேட்போம். ஒன்று, உடம்பில் தண்ணீர் வற்றிய நோயாளியை வரிசையில் நிறுத்தாமல் வாசலிலேயே ஒரு தாதி பார்த்து முதலில் அனுப்புவது. இரண்டு, காத்திருக்கும் இடத்திலேயே ஒரு ஜீவனி மேசை. காத்திருக்கும் நேரமும் குடிக்கும் நேரமாகட்டும். மூன்று, தண்ணீர் வற்றியவரைக் குறைந்தது நான்கு மணித்தியாலம் வைத்துக் குடிக்கக் கொடுத்து, மூத்திரம் போகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவது. நான்கு, தேவையானவர்களுக்குக் கிருமிகொல்லி தொடங்கும் முன் மல, இரத்த மாதிரி எடுப்பது; எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அப்போதுதான் சரியாகத் தெரியும். ஐந்து, பெரிய வைத்தியசாலைக்கு மாற்றும்போது சேலைன் ஏறிக்கொண்டிருக்க, கடிதத்தோடு, அங்கே முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி அனுப்புவது. ஒரு மேசை, ஒரு வாளி, ஒரு தொலைபேசி அழைப்பு. இதில் பெரும்பகுதிக்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

துணைக்கு நிற்கும் நமக்கும் கடமை உண்டு. வாட்டில் நோயாளியைத் தொட்ட பிறகும், கக்கூஸ் போன பிறகும், சாப்பாடு கொடுக்கும் முன்பும் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கையில் தேய்க்கும் ஸ்பிரிட்டுக்குச் சில குடல் கிருமிகள் சாவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், எத்தனை நாள் மருந்து, எப்போது திரும்பி வர வேண்டும் என்று தெரியாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். கூடிவிட்டால் திரும்பிப் போங்கள். ஏசுவார்கள் என்ற பயத்தில் ஒரு இரவை இழந்தோமே, அந்தப் பத்து மணித்தியாலத்தை மறக்காதீர்கள்.

ஐந்தாவதாக, நாம் அடிக்கடி மறந்துவிடும் ஓரிடம். நோயாளியின் வழி வாட்டில் முடிவதில்லை. அது திரும்பி நம் பீலிக்கரைக்கே வருகிறது. வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், ஈரல் அழற்சியால் வரும் செங்கண்மாரி, உணவு நஞ்சாதல், கொலரா ஆகியவை சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். 1897ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தந்த ஏற்பாடு இது. சந்தேகம் வந்த உடனேயே வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்.

அந்தத் தாயின் விடயத்தில் முதல் வைத்தியசாலை வயிற்று வலி என்று எழுதியதால் படிவம் போகவில்லை. ஆதார வைத்தியசாலையிலிருந்து போனது. பரிசோதகர் வந்து பார்த்தார். தண்ணீர்த் தாங்கியின் மூடி உடைந்து கிடந்தது. மேட்டில் நிரம்பி வழியும் மலசலகூடக் குழி மழையோடு அதை நோக்கியே வடிந்தது. அவர் வருவதற்குள் அதே லயத்தில் இன்னும் ஒன்பது பேருக்கு வயிற்றால் போயிருந்தது. அந்தத் தாயை நோயாளியாக்கியது அந்தத் தாங்கி. எத்தனை பேரை வைத்தியசாலை சுகமாக்கினாலும், தாங்கி அப்படியே இருந்தால் அடுத்த மழைக்கு வேறொருவர் போவார்.

எனவே வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம்: "ஐயா, இது அறிவிக்க வேண்டிய நோயா? அறிவித்துவிட்டீர்களா?" மரியாதையோடு கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். வெறும் தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றோட்டம் ஒவ்வொன்றும் இப்படி அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு லயத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வீட்டில் கண்டால் படிவத்துக்குக் காத்திராமல் கமிட்டியே பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். தாங்கிக்குக் குளோரின் போட்டார்களா, மூடி மாற்றினார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு கமிட்டியும் செய்ய வேண்டிய வேலை நான்கு. வீட்டுக்கு இரண்டு பக்கட் ஜீவனி. லயத்துக்கு ஒரு கட்டு ஆறு வரித் துண்டு. பிரட்டுக்களத்தில் டிஸ்பென்சரி, வண்டி, 1990, பரிசோதகர் விபரம் எழுதிய பலகை. தண்ணீர்த் தாங்கிகளை நேரில் ஏறிப் பார்த்து ஓர் அறிக்கை. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டமாக எழுந்து செய்ததையும் செய்யாததையும் சொல்ல வேண்டும். நாங்களும் வைத்தியசாலைக் குழுக்களில் கேட்டு வந்த பதில்களைச் சொல்வோம்.

கொப்பியை மூடும்போது அந்தத் தாய் எங்களிடம் சொன்னதைச் சொல்லி முடிக்கிறோம். "ஒரு பேர் போயிரும்னு மலைக்குப் போனேன். இப்ப எத்தனை மாசமாப் பேர் இல்ல."

அந்த 31 மணித்தியாலத்தை நம்மால் ஐந்தாகவும் நான்காகவும் குறைக்க முடியும். அதில் பல மணித்தியாலம் நம் கையிலேயே இருக்கிறது. மற்றதைக் கேட்டுப் பெற நமக்குச் சங்கம் இருக்கிறது.